மேற்கோள் எண்ணிக்கையும் நகரின் எல்லையும்: வி. மோகனின் நீரிழிவு ஆய்வுப் பதிவை வாசித்தல்

ஆய்வுச் சுருக்கம்

ஓர் ஆய்வாளரின் வெளியீட்டு எண்ணிக்கையையும் மேற்கோள் எண்ணிக்கையையும் கொண்டு அவரது பங்களிப்பை வரையறுக்கும் முறை இன்று கல்விப்புலத்தில் வேரூன்றியுள்ளது. சென்னையைச் சார்ந்த நீரிழிவு ஆய்வாளர் வி. மோகனின் வெளியீட்டுப் பதிவைச் சான்றாகக் கொண்டு, அவ்வெண்ணிக்கை எதனைக் காட்டுகிறது, எதனை மறைக்கிறது என்பதை இக்கட்டுரை திறனாய்வு நோக்கில் அணுகுகிறது. தமிழ் ஆள்பெயர் மரபு, கணக்கெடுப்பின் நில எல்லை, கூட்டுப் படைப்புரிமை, மேற்கோளாக மாறாத பயன்பாடு ஆகியன இங்கு ஆராயப்பெறுகின்றன. தாம்பரம் உள்ளிட்ட தென்சென்னைப் புறநகர் இவ்வாசிப்பின் நோக்குமிடமாக அமைகிறது.

திறவுச்சொற்கள்: அறிவியல் அளவியல், மேற்கோள், எச்-குறியெண், நீரிழிவு, வி. மோகன், கியூர்ஸ், தாம்பரம், ஆள்பெயர் மரபு

முன்னுரை

சீர்காழியில் பிறந்து சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் பணியாற்றிய எஸ்.ஆர். இரங்கநாதன், 1948ஆம் ஆண்டு இங்கிலாந்தில் நடைபெற்ற ஆஸ்லிப் மாநாட்டில், நூலகப் பணிக்கு ஓர் அளவியல் வேண்டும் என எடுத்துரைத்தார். நூலகத்தை வாசகர்க்கு ஏற்ப ஒழுங்கு செய்வதற்காகவே அவர் எண்ணிக்கையை நாடினார். 1964இல் யூஜின் கார்ஃபீல்டின் அறிவியல் மேற்கோள் அடைவு முறையாக வெளிவரத் தொடங்கியபின் எண்ணப்படும் பொருள் மாறியது. நூலும் வாசகரும் பின்சென்று, கட்டுரையும் அதனை எழுதியவரும் முன்வந்தனர். 2005இல் இயற்பியலர் ஓர்கே ஹிர்ஷ் எச்-குறியெண்ணை முன்மொழிந்தார். ஒருவரின் கட்டுரைகளுள் ஐம்பது, ஒவ்வொன்றும் குறைந்தது ஐம்பது முறை மேற்கோள் காட்டப்பெற்றிருந்தால் அவரது எண் 50. ஒரு வாழ்நாள் ஓர் எண்ணுள் அடங்கிவிட்டது.

இந்திய நூலக அறிவியல் துறைகளில் இம்மரபு ஒரு தனி எழுத்து வகையையே தோற்றுவித்துள்ளது. தனி அறிவியலர் ஒருவரின் கட்டுரைகளை ஆண்டுவாரியாகவும் இதழ்வாரியாகவும் இணையாசிரியர்வாரியாகவும் அட்டவணைப்படுத்தி, 'அளவியல் உருவப்படம்' எனப் பெயரிடுவது அவ்வகை. பாபா அணு ஆராய்ச்சி மையத்தைச் சார்ந்த கடேமணி, கல்யாணே முதலியோர் சி.வி. இராமன் போன்றோர் குறித்து 1990களில் எழுதிய கட்டுரைகள் இதற்கு முன்மாதிரி. பின்வந்த கட்டுரைகள் பலவும் அதே அட்டவணைகளில் பெயரை மட்டும் மாற்றி எழுதப்பட்டனவாகத் தோன்றுகின்றன. ஆய்வாளர் எதனைக் கண்டறிந்தார் என்னும் வினாவை எழுப்பாமலே இருபது பக்கங்களை இவ்வகையில் எழுதிவிட இயலும் என்பது இதன் வசதி, குறையும் அதுவே.

இதற்கு மாறான ஒரு முன்னோடி தென்சென்னையிலேயே உண்டு. தரமணியில் உள்ள எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தில் பணியாற்றிய சுப்பையா அருணாசலம், குணசேகரனுடன் இணைந்து 2002இல் 'கரண்ட் சயன்ஸ்' இதழில் இரு கட்டுரைகளை வெளியிட்டார். ஒன்று இந்தியா, சீனா ஆகிய நாடுகளின் காசநோய் ஆய்வைப் பற்றியது. மற்றொன்று அவ்விரு நாடுகளின் நீரிழிவு ஆய்வைப் பற்றியது. நீரிழிவுக் கட்டுரை 1990 முதல் 1999 வரை வெளியான ஆய்வுகளை எடுத்துக்கொண்டது. உலக நீரிழிவாளருள் 26 விழுக்காட்டினரைக் கொண்ட இவ்விரு நாடுகளும் உலக நீரிழிவு ஆய்வில் 2 விழுக்காட்டிற்கும் குறைவாகவே பங்களிக்கின்றன என்பது அதன் மையக் கண்டுபிடிப்பு. அருணாசலம் கட்டுரைகளை மட்டும் எண்ணவில்லை. கட்டுரைகளை நோய்ச்சுமையின்மேல் வைத்துப் பார்த்தார். பின்னத்திற்குப் பகுதி எண் இருந்தது. தனிநபர் உருவப்படங்கள் தொகுதி எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு பகுதி எண்ணைக் கைவிட்டன.

வி. மோகனின் பதிவை அப்பகுதி எண்ணோடு சேர்த்து வாசித்தால் என்ன புலப்படும் என்பதே இக்கட்டுரையின் வினா. 1996இல் நிறுவப்பட்ட சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையின் தலைவராகிய அவர், இந்தியாவிலிருந்து நீரிழிவு குறித்து மிகுதியாக வெளியிட்டோருள் முன்வரிசையில் நிற்பவர். 2012இல் பத்மஸ்ரீ பெற்றவர். அறக்கட்டளையின் ஆய்வு வளாகம் சிறுசேரியில் உள்ளது. அவ்வளாகத்திற்கும் தரமணிக்கும் தாம்பரத்திற்கும் இடைப்பட்ட நிலப்பரப்பிலிருந்தே இவ்வாசிப்பு மேற்கொள்ளப்படுகிறது. அவரது எச்-குறியெண் இங்குத் தரப்படவில்லை. ஸ்கோபஸ், வெப் ஆஃப் சயன்ஸ், கூகுள் ஸ்காலர் ஆகிய மூன்றும் ஒரே ஆளுக்கு மூன்று வெவ்வேறு எண்களைத் தருவன. அவற்றுள் ஒன்றைத் தேர்ந்து எழுதினால் வாசகர் கண் அதிலேயே நின்றுவிடும்.

பெயர் என்னும் முதற்சிக்கல்

எண்ணுவதற்கு முன் எவருடையது என்று அறிய வேண்டும். தமிழர் பெயரில் தந்தை பெயரின் முதலெழுத்து முன்னும் இயற்பெயர் பின்னும் நிற்கும். மேலைத் தரவுத்தளம் இறுதியில் நிற்பதைக் குடும்பப்பெயராகக் கொள்ளும். எனவே வி. மோகன் 'மோகன் வி' என்று பதிவாகிறார். இயற்பெயரே குடும்பப்பெயரின் இடத்தில் அமர்கிறது. இதில் இழப்பொன்றும் இல்லை எனத் தோன்றலாம். ஆனால் முதலெழுத்தை விரித்து 'விசுவநாதன் மோகன்' என எழுதுங்கால், அதனை முறைமாற்றிப் பதிவு செய்யும் ஒருவர் கையில் அது 'விசுவநாதன் எம்' ஆகிவிடும். 'விசுவநாதன் எம்' என்பதோ அவர்தம் தந்தையாரின் பதிவுப்பெயர். எம். விசுவநாதன் 1948இல் ஸ்டான்லி மருத்துவமனையில் நீரிழிவுக்கெனத் தனி மருத்துவப் பிரிவைத் தொடங்கியவர். இந்திய நீரிழிவு மருத்துவத்தின் முன்னோடி. எழுத்து இடம் மாறினால் மகன் கட்டுரை தந்தையின் கணக்கில் சேரும். இராயபுரத்தில் இதே துறையில் ஆய்வு நிகழ்த்தும் விஜய் விசுவநாதனின் 'விசுவநாதன் வி' அதற்கு அடுத்த வரியில் நிற்கும்.

1985இல் 'டயபெட்டீஸ் கேர்' இதழில் வெளியான ஒரு கட்டுரையை இதற்குச் சான்றாகக் காட்டலாம். இளவயதில் தோன்றி மரபுவழி தொடரும் ஒருவகை நீரிழிவு இந்தியரிடையே மிகுதியாகக் காணப்படுவதை அது எடுத்துரைத்தது. ஆசிரியர் வரிசை: மோகன் வி, ராமச்சந்திரன் ஏ, சினேகலதா சி, மோகன் ஆர், பரணி ஜி, விசுவநாதன் எம். ஒரே வரியில் இரண்டு மோகன்கள்; தந்தையும் மகனும் இருமுனைகளில். கண் மருத்துவரான எம். ரெமா இக்காலப் பதிவுகளில் 'மோகன் ஆர்' எனக் கணவர் பெயரின்கீழும், பிற்காலக் கட்டுரைகளில் 'ரெமா எம்' எனத் தம் பெயரின்கீழும் இடம்பெறுகிறார். சென்னை நகரின் நீரிழிவாளருள் 17.6 விழுக்காட்டினருக்கு விழித்திரைப் பாதிப்பு உண்டெனக் காட்டிய 2005ஆம் ஆண்டுக் கட்டுரையின் முதலாசிரியர் 'ரெமா எம்'. எந்திரம் தொகுக்கும் அட்டவணையில் இவ்விரு பெயரும் இருவராகிவிடுவதற்கு வாய்ப்பு மிகுதி. ஆய்வாளரான பெண்களின் பதிவு இவ்வாறு இரண்டாகப் பிளவுபடுவது தமிழ்த்துறைகளிலும் புதிதன்று.

2012இல் அறிமுகமான ஆர்க்கிட் எண் இச்சிக்கலுக்குத் தீர்வாகக் கூறப்படுகிறது. அது வருங்காலக் கட்டுரைகளுக்குப் பயன்படும். 1985ஐ யாரேனும் கையால்தான் திருத்த வேண்டும். பெயர் சொல்லாமல் 'என்ப' என முன்னோரைச் சுட்டிய இலக்கண மரபுக்கு இத்தொல்லை இருந்ததில்லை என்று வேண்டுமானால் ஆறுதல் கொள்ளலாம்.

தாங்கி நிற்கும் மேற்கோள்

மேற்கோள்கள் அனைத்தும் ஒரு தன்மையன அல்ல. முன்னுரையின் முதற்பத்தியில் 'நீரிழிவு பெருகிவருகிறது' என்னும் தொடருக்குப் பின் அடைப்புக்குறிக்குள் நிற்கும் பெயர் ஒரு வகை. அதை நீக்கினும் கட்டுரை நிற்கும். நீக்கினால் கட்டுரையே சரிந்துவிடும் மேற்கோள் மற்றொரு வகை. தரவுத்தளத்தில் இரண்டும் தலைக்கு ஒன்று.

மோகனின் பதிவிலேயே இரண்டாம் வகைக்குச் சிறந்த சான்று உள்ளது. 2006இல் 'டயபெட்டோலோஜியா' இதழில் வெளியான, கியூர்ஸ் வரிசையின் 17ஆம் கட்டுரை அது. சென்னை நகரில் நீரிழிவின் பரவல் 1989இல் 8.3 விழுக்காடு, 1995இல் 11.6, 2000இல் 13.5, 2003-04இல் 14.3 என அது நிரல்படுத்தியது. பதினான்கு ஆண்டுகளில் 72.3 விழுக்காட்டு உயர்வு. இந்நான்கு எண்களுள் இறுதி எண் மட்டுமே கியூர்ஸ் ஆய்வினுடையது. முந்தைய மூன்றும் ஏ. ராமச்சந்திரன், சி. சினேகலதா குழுவினரின் ஆய்வுகளிலிருந்து பெறப்பட்டவை, 13.5 என்பது ஆறு நகரங்களில் 11,216 பேரிடம் நிகழ்த்தப்பட்ட தேசிய நகர்ப்புற நீரிழிவு ஆய்வின் சென்னைப் பகுதி. 1985இல் ஒரே ஆசிரியர் வரிசையில் நின்றோர் இக்காலத்தில் வெவ்வேறு நிறுவனங்களினர். எனினும் ஒருவரின் மூன்று அளவீடுகள் இன்றி மற்றவரின் நான்காவது அளவீடு வெறும் எண்ணாக நின்றிருக்கும். உயர்வு என்ற கூற்றே பிறந்திராது. மேற்கோள் எண்ணிக்கை இதில் ராமச்சந்திரனுக்கு மூன்றைக் கூட்டும். கட்டுரையின் முக்கால் பங்கு அம்மூன்றில் நிற்கிறது என்பதைக் கூறுவதற்கு அதற்கு வழியில்லை.

அதே கட்டுரையில் குறைவாகக் கவனம் பெறும் செய்தி ஒன்றும் உண்டு. நீரிழிவுக்கு முந்தைய நிலையாகக் கருதப்படும் குளுக்கோஸ் ஏற்புத்திறன் குறைபாடு 2000இல் 16.8 விழுக்காடாக இருந்து 2003-04இல் 10.2 ஆகக் குறைந்தது. முந்தைய நிலையினர் பலர் நோயாளராகிவிட்டனரா, புதிதாக அந்நிலையை அடைவோர் குறைந்தனரா, அளவீட்டு வேறுபாடா என்பது ஆய்வுக்குரிய நல்ல வினா. ஆனால் 72.3 என்பது எடுத்துச் செல்வதற்கு எளிது. ஒரு கட்டுரையின் வினா எஞ்சிவிட விடை மட்டும் பயணம் செய்வதை மேற்கோள் கணக்கு வெற்றியாகவே பதிவு செய்யும்.

தன்மேற்கோள் பற்றியும் இங்கே கூற வேண்டும். கியூர்ஸ் வரிசை நூறு கட்டுரைகளைக் கடந்தது. ஒவ்வொன்றும் மாதிரி எடுத்த முறையை விளக்க 2003இல் வெளிவந்த முதற்கட்டுரையைச் சுட்டியாக வேண்டும். இதனைத் தற்புகழ்ச்சி எனக் கழித்துவிடும் அளவியலர், முறையியல் குறிப்பையும் தன்முனைப்பையும் ஒன்றாகக் கருதுகின்றனர், அது பிழை. உண்மையில் கேட்க வேண்டிய கேள்வி வேறு. முதற்கட்டத்தில் 26,001 பேர் ஆராயப்பட்டனர். மூன்றாம் கட்டத்தில் பத்தில் ஒருவர் அழைக்கப்பட்டு 2,350 பேர் பங்கேற்றனர். வரிசையில் பல கட்டுரைகள் இந்த 2,350 பேரின் குருதியையும் உணவையும் இடுப்பளவையும் வெவ்வேறு கோணங்களில் ஆராய்ந்தவை. அது குற்றமன்று, அரிதில் திரட்டிய தரவை முழுவதும் பயன்படுத்துவது கடமையும்கூட. கட்டுரைகள் தம்மை வெளிப்படையாக எண்ணிட்டுக் காட்டுகின்றன. ஆயினும் வேறொருவர் தம் கூற்றுக்கு ஐந்து கியூர்ஸ் கட்டுரைகளை அடுக்கி ஐந்து சான்றுகள் எனக் கருதுவாராயின், ஒரே மனிதர்களை ஐந்துமுறை எண்ணுகிறார் என்பதே உண்மை. உருவப்படம் எழுதுவோர் கட்டுரைகளின் எண்ணிக்கைக்கு அருகில், அவை எத்தனை தனி மாதிரிகளிலிருந்து பிறந்தன என்ற எண்ணையும் இட வேண்டும். எச்-குறியெண்ணைவிட அது பயனுடையது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

'சென்னை' என்னும் சொல்லின் பரப்பு

கியூர்ஸ் என்னும் பெயர்ச்சுருக்கம் சென்னை நகர்ப்புற ஊரக நோய்ப்பரவல் ஆய்வு என விரியும். 2001இல் தொடங்கிய இதன் நகர்ப்புற மாதிரி அன்றைய சென்னை மாநகராட்சியின் 155 வார்டுகளுள் 46இலிருந்து எடுக்கப்பட்டது. அன்றைய மாநகராட்சி தெற்கே முடிந்த இடத்திற்கு அப்பால்தான் ஆலந்தூரும் பெருங்குடியும் சோழிங்கநல்லூரும் இருந்தன. அவை 2011இல் 200 வார்டுகளாக விரிந்த மாநகராட்சியில் சேர்ந்தன. பல்லாவரமும் குரோம்பேட்டையும் தாம்பரமும் அப்போதும் சேரவில்லை. 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் முதலியவற்றை இணைத்து 70 வார்டுகளுடன் தாம்பரம் தனி மாநகராட்சியாயிற்று.

ஆகவே 14.3 விழுக்காடு என்னும் புகழ்பெற்ற 'சென்னை' எண் தாம்பரத்தைப் பற்றியதன்று. ஆய்வாளர்கள் அவ்வாறு கூறவும் இல்லை. மாதிரிச் சட்டகத்தைத் தெளிவாகவே எழுதியுள்ளனர். மேற்கோள் காட்டுவோர் கையில்தான் 'சென்னை மாநகராட்சியின் 46 வார்டுகள்' என்பது 'சென்னை' ஆகிறது; பின்னர் 'நகர்ப்புறத் தென்னிந்தியா' ஆகிறது; ஒரு சில தாவல்களில் 'இந்திய நகரங்கள்' ஆகிவிடுகிறது. அக்கட்டுரையின் தலைப்பிலேயே 'நகர்ப்புறத் தென்னிந்தியா' என்ற தொடர் இடம்பெறுவதால், பொறுப்பு முழுவதையும் மேற்கோளாளர்மேல் சுமத்தவும் இயலாது. பன்னாட்டு இதழின் வாசகருக்கு வார்டு எண் பொருள் தராது. பெருநிலப்பெயர் பொருள் தரும். தலைப்பு அந்த வாசகரை நோக்கி எழுதப்பட்டது.

மறுமுனையில், செங்கல்பட்டுப் பகுதியின் சூணாம்பேட்டை மையமாகக் கொண்டு 42 சிற்றூர்களில் அறக்கட்டளை ஓர் ஊரக நீரிழிவுத் தடுப்புத் திட்டத்தை நிகழ்த்தியது. 27,014 வயதுவந்தோருள் 23,449 பேர் பரிசோதிக்கப்பட்டனர். நீரிழிவு 4.9 விழுக்காடு. நகரின் 14.3, சூணாம்பேட்டின் 4.9 ஆகிய இவ்விரண்டிற்கும் நடுவே புறவழிச்சாலையும் மின்தொடர்வண்டித் தடமும் கொண்ட நீண்ட புறநகர் கிடக்கிறது. சோதனை முறையும் ஆண்டும் வேறுபடுவதால் இவ்விரு எண்களையும் நேர்கோட்டால் இணைத்து இடைப்பட்ட ஊருக்கு ஒரு மதிப்பு ஊகிக்கவும் முடியாது. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தாம்பரம் நகராட்சியில் மட்டும் 1,74,787 பேர் இருந்தனர். பேருந்தில் அமர்ந்தே பணிக்குச் செல்லும் நகர வாழ்வும், அண்மைக்காலம் வரை ஏரிப்பாசனத்தில் வாழ்ந்த ஊர்ப்புற உடல்வாகும் ஒரே தெருவில் சந்திக்கும் இடம் இது. 'நகர்', 'ஊரகம்' என்னும் இருமையில் அமைந்த மாதிரிச் சட்டகம் இத்தகைய இடத்தை இரண்டில் ஒன்றாகக் கொள்ளுமேயன்றி, இடைநிலையாகவே நோக்காது.

ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப் ஆய்வின் 2011ஆம் ஆண்டுக் கட்டுரை தமிழ்நாட்டுக்கு 10.4 விழுக்காடு எனவும், நகர்ப்புறம் 13.7, ஊரகம் 7.8 எனவும் தந்தது. மாநில அளவில் இது பெரும் முன்னேற்றம். புறநகர் என்னும் பகுப்பு அதிலும் இல்லை.

தாம்பரத்தின் தேர்வு தற்செயலானதன்று. தாம்பரம் சானடோரியம் என்னும் இடப்பெயரே ஒரு நோயின் வரலாறு. 1928இல் சவுரிமுத்து என்னும் மருத்துவர் அங்கே நிறுவிய காசநோய் இல்லம் பின்னர் அரசு நெஞ்சக மருத்துவமனையாயிற்று. சென்னை, காஞ்சிபுரம், திருவள்ளூர் மாவட்டங்களின் காசநோயாளர்களை ஆராய்ந்து விஜய் விசுவநாதன் குழுவினர் 2012இல் 'பிளோஸ் ஒன்' இதழில் எழுதிய கட்டுரை, அவர்களுள் 25.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவும் 24.5 விழுக்காட்டினருக்கு அதன் முந்தைய நிலையும் இருந்தமையைக் காட்டியது. காசநோயாளருள் ஏறத்தாழப் பாதிப்பேர். 2017இல் நடுவணரசு காசநோய், நீரிழிவு ஆகிய இரண்டிற்கும் கூட்டுச் செயல்பாட்டு வரையறையை வெளியிட்டது. அருணாசலம் 2002இல் இரு தனிக் கட்டுரைகளாக எழுதிய இரு நோய்களும் ஒரே உடலில் இருந்தன. துறைவாரி மேற்கோள் வரைபடத்தில் அவை இரு தீவுகளாகவே தோன்றும்.

நூற்றுவர் எழுதும் கட்டுரை

2016இல் 'லான்செட்' இதழில் தொற்றாநோய் இடர்க்காரணி ஆய்வுக் கூட்டமைப்பின் நீரிழிவுக் கட்டுரை வெளிவந்தது. 751 ஆய்வுகள், 44 இலட்சம் பங்கேற்பாளர்கள், நூற்றுக்கணக்கான பங்களிப்பாளர்கள். மோகன், அஞ்சனா உள்ளிட்ட சென்னை ஆய்வாளரும் அவர்களுள் அடங்குவர். இக்கட்டுரை ஆயிரக்கணக்கில் மேற்கோள் பெற்றது. முழுக்கணக்கு முறையில் ஒவ்வொரு பங்களிப்பாளர் பெயருக்கும் அவ்வளவும் சேரும். பங்கீட்டு முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு சிறு துண்டே எஞ்சும். இணையாசிரியர் சிக்கலை ஹிர்ஷே உணர்ந்து 2010இல் தம் குறியெண்ணுக்கு ஒரு திருத்தம் முன்மொழிந்தார். கல்லூரிகளின் படிவங்கள் அத்திருத்தத்தைக் கண்டுகொள்ளவில்லை.

பங்கீட்டு முறை நீதியானது எனப் பலர் வாதிடுவர். இக்கட்டுரையாளர்க்கு அதிலும் ஐயமுண்டு. உலக மதிப்பீட்டில் சென்னைக்கென ஓர் எண் இருப்பதற்குக் காரணம், யாரோ வார்டு வார்டாகச் சென்று வெறும் வயிற்றில் குருதி எடுத்ததே. அத்தரவை அளித்தவரும், எங்கோ அமர்ந்து சமன்பாட்டைச் சரிபார்த்தவரும் சம துண்டு பெறுவது எண்கணித நீதி மட்டுமே. இதற்கு மாறாக, 2023இல் வெளியான இண்டியாப் கட்டுரையில் நிலைமை தெளிவு: 1,13,043 பேர், நாடு முழுவதும் 11.4 விழுக்காடு நீரிழிவு, 15.3 விழுக்காடு முந்தைய நிலை, முதலாசிரியர் ஆர்.எம். அஞ்சனா. திட்டத்தை வடிவமைத்து நடத்திய பொறுப்பு மோகனுடையது. இதனை அவரது பதிவின் மையத்தில் வைப்பதில் யாருக்கும் தடையிராது. லான்செட் 2016ஐயும் இதனையும் ஒரே நெடுவரிசையில் கூட்டும் உருவப்படம் எதனையும் விளக்காது.

மேற்கோளாகாத பயன்பாடு

2005இல் இந்திய மருத்துவர் சங்க இதழில் மோகனும் நால்வரும் ஐந்து பக்கக் கட்டுரை ஒன்றை வெளியிட்டனர். இந்திய நீரிழிவு இடர் மதிப்பெண் என்பது அதன் பொருள். வயதுக்கு 30, இடுப்புச் சுற்றளவுக்கு 20, உடலுழைப்பின்மைக்கு 30, குடும்ப வரலாற்றுக்கு 20 என உச்ச அளவு 100. அறுபதும் அதற்கு மேலும் பெறுவோரைக் குருதிச் சோதனைக்கு அனுப்பலாம். அவ்வெல்லையில், கண்டறியப்படாத நீரிழிவாளருள் 72.5 விழுக்காட்டினரை அது பிடித்துவிடும், நோயற்றோருள் 60.1 விழுக்காட்டினரைச் சரியாக விலக்கும். வேண்டுவது ஓர் அளவுநாடாவும் சில வினாக்களுமே. மிகையாகச் சிலரைச் சோதனைக்கு அனுப்பும் குறை இதற்குண்டு. குருதிச் சோதனையை எல்லோர்க்கும் செய்ய இயலாத இடத்தில் அக்குறை பொறுத்துக்கொள்ளத்தக்கது.

நடுவணரசின் தொற்றாநோய்த் திட்டத்தில் களப்பணியாளர் நிரப்பும் மதிப்பீட்டுப் படிவத்திலும் வயது, இடுப்பளவு, உடலுழைப்பு, குடும்ப வரலாறு ஆகிய நான்கும் உள்ளன. புகையும் மதுவும் கூடுதல். ஒற்றுமையைக் கொண்டே கடன் எனத் துணிதல் முறையன்று. உலகில் வேறு இடர் மதிப்பெண்களும் இக்காரணிகளைக் கையாள்வன. ஆனால் கடனே ஆயினும் அது எங்கும் பதிவாகாது என்பதே இங்குக் கருதத்தக்கது. படிவத்துக்கு அடிக்குறிப்பு இல்லை. வாசலில் நின்று ஒரு பெண்ணின் இடுப்பை அளக்கும் களப்பணியாளர் எவரையும் மேற்கோள் காட்டுவதில்லை.

திருமங்கலம் ஆசியாட் குடியிருப்பில் நிகழ்ந்ததும் இத்தகையதே. அங்கு நடத்திய நோய்ப்பரவல் ஆய்வின் முடிவுகளைக் குடியிருப்போரிடம் எடுத்துரைத்தபின், அவர்கள் தாமே நிதி திரட்டி ஒரு பூங்கா அமைத்தனர். வாரம் மும்முறைக்கு மேல் உடற்பயிற்சி செய்வோர் 14.2 விழுக்காட்டிலிருந்து 58.7 ஆக உயர்ந்தனர் என்று ஆய்வுக்குழு பின்னர் எழுதியது. பூங்காவுக்கு எச்-குறியெண் கிடையாது. ஒப்புமைக் குழுவின்றி ஒரே குடியிருப்பில் கண்ட மாற்றம் அது என்னும் வரம்பையும் சேர்த்தே கூற வேண்டும். அவ்வகையில் ராமச்சந்திரன் குழுவின் சோதனைகள் வலுவானவை. 2006ஆம் ஆண்டுத் தடுப்பாய்வில் 531 பேர் நான்கு பிரிவாக்கப்பட்டனர். மூன்றாண்டில் நீரிழிவுற்றோர் கட்டுப்பாட்டுப் பிரிவில் 55.0 விழுக்காடு, வாழ்க்கைமுறை மாற்றப் பிரிவில் 39.3 விழுக்காடு. 2013இல் குறுஞ்செய்தி வழியாக அறிவுரை அனுப்பிய ஆய்வில் அது 27க்கு 18. தென்சென்னைப் புறநகரின் தொழிற்கூடங்களுக்கு நேரடியாகப் பொருந்தக்கூடிய முடிவு இது. அந்த ஆய்வும் தொழிற்கூடங்களில் பணிபுரியும் ஆண்களிடமே நிகழ்ந்தது.

தமிழ்த்துறைக்கு உரிய பங்கு

ஒரு மருத்துவரின் பதிவைத் தமிழாய்விதழில் ஏன் ஆராய வேண்டும் எனக் கேட்கலாம். பல்கலைக்கழக மானியக் குழு 2010இல் கொணர்ந்த ஏ.பி.ஐ. மதிப்பெண் முறை தமிழாசிரியரையும் இதே தராசில் நிறுத்தியது. 2018இல் அறிவிக்கப்பட்ட கேர் பட்டியல் 2025 பிப்ரவரியில் கைவிடப்படும்வரை, எவ்விதழில் வெளியாயிற்று என்பதே கட்டுரையின் தகுதியாயிற்று. சுவடி ஒன்றைப் பதிப்பிக்க ஆறாண்டு செலவிட்டவரும், ஒரே பொருளை ஆறு கட்டுரைகளாக்கியவரும் எவ்வாறு மதிப்பிடப்பட்டனர் என்பதைத் துறையினர் அறிவர். 2015இல் வெளியான லைடன் அறிக்கை, உள்ளூர்ப் பொருண்மை கொண்ட ஆய்வின் சிறப்பைக் காத்தல் வேண்டும் என்பதை அளவியலின் நெறிகளுள் ஒன்றாக வைத்தது. ஆங்கில இதழ்த் தரவுத்தளத்தில் தமிழ்க் கட்டுரைகள் ஏறத்தாழ இல்லை என்னும் நிலையில், அந்நெறி நம்மவர் எடுத்தாள வேண்டிய கருவி.

தாம்பரம், சேலையூர், மேடவாக்கம் வட்டாரக் கல்லூரிகளில் நூலக அறிவியலும் தமிழும் பயிலும் ஆய்வாளர் இப்பணியைத் தொடங்கலாம். மோகனின் கட்டுரைகளுள் தலைப்பில் 'சென்னை' எனவோ 'நகர்ப்புறத் தென்னிந்தியா' எனவோ குறிப்பவற்றை மட்டும் எடுத்து, ஒவ்வொன்றின் மாதிரி எவ்வார்டுகளிலிருந்து வந்தது, எத்தனை பேர், எந்த ஆண்டு என நிலப்படத்தில் இட வேண்டும். பின்னர் அவற்றை மேற்கோள் காட்டிய கட்டுரைகளில் ஒரு சிறு தொகுதியை முழுவதும் படித்து, ஊர்ப்பெயர் எத்தனாவது தாவலில் உதிர்ந்தது என்று குறிக்க வேண்டும். தரவுத்தளச் சந்தா இதற்குத் தேவையில்லை. பப்மெட் சுருக்கங்களும் இதழ்களின் திறந்த பக்கங்களும் பெரும்பகுதிக்குப் போதும். கட்டுரைகளைப் படிக்க வேண்டியிருக்கும் என்பதால் காலம் பிடிக்கும். ஓர் ஆண்டில் முப்பது, நாற்பது கட்டுரைகளுக்கு மேல் ஒருவரால் இயலாது.